நூலகச் சுவரில் அதீனா: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'செவ்வியல் உலகம்' பாடம் தொடங்கியிருக்கிறது. அதையொட்டி நூலகத்தின் நீளச் சுவரில், கிரேக்கக் கலையில் வரும் போர்த் தெய்வம் அதீனாவின் படங்களை ஒட்டியிருக்கிறோம். ரோமானியர்கள் அவளை மினர்வா என்ற பெயரில் வழிபட்டார்கள். படங்களைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் சிலர் என்னை நேரில் வந்து கேட்டார்கள், சிலர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். கேள்விகள் இரண்டுதான். ஈட்டியும் கேடயமும் ஏந்தி, மார்பில் வெட்டுண்ட தலையைப் பதித்து நிற்கும் உருவத்தைப் பிள்ளைகள் தினமும் பார்க்க வேண்டுமா? வேற்று நாட்டுச் சாமிப் படம் நம் பள்ளிக்கூடத்தில் எதற்கு?

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது. அதீனாவுக்குக் கோயில் வழிபாடு நின்று 1500 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஏதென்ஸில் அவளுக்காகக் கட்டிய பார்த்தெனான் பிற்காலத்தில் தேவாலயமாக இருந்தது, பிறகு மசூதியாகவும் இருந்தது; 1687இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து, உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்துச் சிதைந்தது. இன்று அது வரலாற்றுச் சின்னம். நாங்கள் ஒட்டியிருப்பவையும் அருங்காட்சியகப் பொருள்களின் படங்கள்தான்.

முதல் கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. படங்களை ஒட்டிய அன்றே பிள்ளைகளிடம் ஒரு விஷயம் சொன்னோம்: ஆயுதத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கையைப் பாருங்கள். அந்தக் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு வரியில் எழுதுங்கள். இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் ஒரு விஷயம் புலப்படும். இந்தத் தெய்வம் ஆயுதத்தோடு பிறந்தவள். தேவர்களின் அரசனான தந்தை சீயஸின் தலையைப் பிளந்துகொண்டு முழுக் கவசத்தோடு வெளியே வந்தாள் என்பது கதை, ஜாடி ஓவியர்கள் பலர் அந்தக் காட்சியை வரைந்திருக்கிறார்கள். ஆனால் நம் சுவரில் உள்ள படங்களில் பெரும்பாலானவற்றில் அவள் சண்டை போடவில்லை.

வாசலுக்கு எதிரே உள்ள பெரிய படத்திலிருந்து தொடங்குகிறேன். பார்த்தெனானுக்குள் நின்ற சிலையைச் செய்தவர் ஃபிடியாஸ். கி.மு. 438இல் பிரதிஷ்டை ஆனது. ஏறக்குறைய 12 மீட்டர் உயரம். உடைக்குத் தங்கத் தகடு, முகத்துக்கும் கைகளுக்கும் தந்தம். அந்தச் சிலை இன்று இல்லை. நாம் ஒட்டியிருப்பது ரோமானியர் காலத்தில், ஏறத்தாழ கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் செய்த சிறிய பளிங்கு நகல். உயரம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். 1880இல் ஏதென்ஸில் வர்வாகியோன் என்ற பள்ளிக்கூடத்தின் அருகே கிடைத்ததால் அந்தப் பள்ளியின் பெயராலேயே அழைக்கிறார்கள். (எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நம் விளையாட்டு மைதானத்தில் தோண்டினால் உடைந்த செங்கல் மட்டும்தான் வருகிறது.)

இதில் அவளது வலது கையைப் பாருங்கள். உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருக்கிறது, அதில் இறக்கை விரித்த வெற்றித் தெய்வம் நைக்கி நிற்கிறாள். இடது கை, தரையில் நிறுத்திய கேடயத்தின் விளிம்பில் சும்மா படிந்திருக்கிறது. கேடயத்துக்குப் பின்னால் பாம்பு ஒன்று சுருண்டு தலையெடுக்கிறது. போர் முடிந்துவிட்டது, ஆயுதம் இறங்கிவிட்டது, கையில் மிஞ்சியது வெற்றி.

அந்தப் பழைய சிலையின் தங்கத்தைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். கணக்கு ஆசிரியருக்கு மிகவும் பிடித்த பகுதி அது. தங்கத் தகடுகள் கழற்றி மாட்டும்படி செய்யப்பட்டிருந்தன. எதிரி நகரமான ஸ்பார்ட்டாவோடு போர் மூண்ட கி.மு. 431இல், நகரத்தின் கஜானாவில் என்னென்ன இருக்கிறது என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் மக்களுக்குக் கணக்குச் சொன்னபோது, தேவியின் மேலுள்ள தங்கத்தையும் சேர்த்துச் சொன்னார் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். 40 தாலந்து, அதாவது ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல். முடை வந்தால் எடுத்துச் செலவு செய்யலாம், பிறகு திருப்பி வைத்துவிட வேண்டும். ஃபிடியாஸ் தங்கத்தைத் திருடிவிட்டார் என்று எதிரிகள் வழக்குப் போட்டபோதும், தகடுகளைக் கழற்றி எடை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிக்ளிஸால் சொல்ல முடிந்தது.

மார்பில் இருக்கும் தலை மெடூசாவுடையது. பார்ப்பவரைக் கல்லாக்கும் அரக்கி அவள். வீரன் பெர்சியஸ் அவளைக் கொன்று தலையை அதீனாவிடம் கொடுத்தான். நாக்கைத் துருத்திக்கொண்டு முழித்துப் பார்க்கும் அந்த முகத்தைக் கிரேக்கர்கள் கேடயத்தில், கோயில் கூரையில், மது குடிக்கும் கிண்ணத்தின் உள்ளே என்று எங்கும் வரைந்தார்கள். புது வீடு கட்டும்போது நாம் தொங்கவிடும் திருஷ்டி பொம்மையின் வேலைதான் அதற்கும். பயப்பட வேண்டியவர்கள் கெட்ட எண்ணத்தோடு வருகிறவர்கள் மட்டுமே.

அடுத்த படம் ஒலிம்பியாவில் இருந்த சீயஸ் கோயிலின் சிற்பம், ஏறத்தாழ கி.மு. 460. நம் பிள்ளைகளுக்கு ஹெர்குலிஸ் என்ற பெயரில் தெரிந்த ஹெராக்ளிஸ், வானத்தைத் தோளில் சுமந்துகொண்டு குனிந்து நிற்கிறான். உறுத்தாமல் இருக்கத் தோளில் ஒரு திண்டு. எதிரே, வழக்கமாக வானத்தைச் சுமக்கும் அட்லஸ் தங்க ஆப்பிள்களை நீட்டிக்கொண்டு வருகிறான். பின்னால் அதீனா. தலையில் கவசமில்லை, எளிய உடை. ஒரே ஒரு கையை மேலே தூக்கி, பரணில் எதையோ சரிசெய்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக வானத்தைத் தாங்குகிறாள். ஹெராக்ளிஸின் உடம்பில் தெரியும் சிரமம் அவளிடம் துளியும் இல்லை. எங்கள் ஓவிய ஆசிரியை இந்தப் படத்தின் முன் பிள்ளைகளை ஒரு பாடவேளை முழுக்க உட்கார வைத்துவிட்டார். நான் தடுக்கவில்லை.

அதன் பக்கத்தில் உள்ளது ஒரு கிண்ணத்தின் உட்புற ஓவியம். வரைந்தவர் டூரிஸ் என்ற ஏதென்ஸ் ஓவியர், இப்போது வத்திக்கானில் இருக்கிறது. பெரிய பாம்பின் வாயிலிருந்து ஜேசன் என்ற வீரன் பாதி உடம்போடு துவண்டு தொங்குகிறான். அதீனா கையில் தன் பறவையான ஆந்தையோடு நின்று பார்க்கிறாள். பாம்பு ஜேசனை விழுங்கி உமிழ்ந்த கதை நமக்குக் கிடைத்திருக்கும் எந்தப் பழைய நூலிலும் இல்லை. எழுத்தில் இல்லாததைப் படம் மட்டும் வைத்திருக்கிறது. வரலாறு படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? ஏதென்ஸ் வெள்ளிக் காசில் ஒரு பக்கம் அவள் தலை, மறுபக்கம் இதே ஆந்தை. இன்றைய கிரீஸின் ஒரு யூரோ நாணயத்திலும் அந்தப் பழைய காசின் ஆந்தைதான் இருக்கிறது.

பிள்ளைகளை அதிகம் பேச வைத்தது இவை எதுவுமில்லை, ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸில் கிடைத்த ஒரு சிறிய கல். உயரம் அரை மீட்டர் அளவுதான். அதீனா வெறுங்காலோடு நிற்கிறாள். ஒரு கை இடுப்பில், இன்னொரு கை ஈட்டியில். நெற்றி அந்த ஈட்டியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பார்வை கீழே, எதிரே நட்டிருக்கும் ஒரு கல்லின் மேல். 'துயருறும் அதீனா' என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அது பிற்காலத்தவர் வைத்த பெயர். எதிரே இருப்பது போரில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் என்பவர்கள் உண்டு. எல்லைக்கல் என்பவர்களும் ஓட்டப் பந்தயத்தின் எல்லைக் கம்பம் என்பவர்களும் உண்டு. வகுப்பிலும் இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒரு மாணவி, "படிச்சிட்டு இருக்காங்க சார், அழல" என்றாள். என் மனம் பெயர்ப் பட்டியல் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

சண்டையிடும் அதீனாவையும் மறைக்கவில்லை. இன்றைய துருக்கியில் இருந்த பெர்கமோன் என்ற கிரேக்க நகரத்தின் பலிபீடச் சிற்பத்தில் (கி.மு. இரண்டாம் நூற்றாண்டு, இப்போது பெர்லினில்) ஓர் அரக்கனின் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள். அவன் தாய் பூமாதேவி தரையிலிருந்து பாதி எழுந்து கெஞ்சுகிறாள். கொடூரமான படம்தான். சிற்பி அந்தத் தாயின் முகத்தையும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறானே, அதற்காகவே வைத்தோம். அரக்கனை அழிக்கும் தேவி என்றதும் பிள்ளைகள் கொற்றவையையும் மகிஷாசுரமர்த்தினியையும் சொன்னார்கள். சொல்வது இயல்பு. ஆனால் இரண்டும் ஒன்றே என்று விடைத்தாளில் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.

விளையாட்டு ஆசிரியரின் விருப்பம் பரிசு ஜாடிகள். ஏதென்ஸில் அதீனாவுக்கு எடுத்த பானதெனையா விழாவின் விளையாட்டுப் போட்டிகளில் வென்றவர்களுக்குக் கோப்பையோ பதக்கமோ கிடையாது, ஆலிவ் எண்ணெய்தான். அது நிரம்பிய பெரிய ஜாடிகளின் ஒரு பக்கம் ஈட்டி ஓங்கிய அதீனா, மறுபக்கம் எந்தப் போட்டியோ அந்தப் போட்டியின் படம். கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றின்படி சிறுவர் ஓட்டத்தில் முதல் பரிசு 50 ஜாடி. ஒரு ஜாடிக்குச் சுமார் 36 முதல் 40 லிட்டர். எண்ணெய் விற்கும் விலையில் இதை நம் ஆண்டு விழாவுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரோமுக்கு வந்தால் மினர்வா எங்கள் ஆசிரியர் இனத்துக்கே தெய்வம். நெசவாளர், தச்சர், மருத்துவர், ஆசிரியர் எல்லோருக்கும் அவள்தான். மார்ச் 19இல் தொடங்கும் அவள் திருவிழாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை. ஆசிரியருக்குச் சம்பளம் வந்துசேரும் காலமும் அதுவே. சேர வேண்டிய வருமானம் ஒழுங்காக வந்துசேராத கூட்டம் என்று கவிஞர் ஓவிட் ஆசிரியர்களைப் பற்றி அந்த விழாவைப் பாடும்போதே எழுதியிருக்கிறார். ஆசிரியர் அறையில் இதைப் படித்துச் சிரித்தோம்.

ஆனால் அதே மினர்வாவின் இன்னொரு முகம் ரோமில், கி.பி. 97இல் திறந்த நெர்வா மன்றத்தின் சுவர்ச் சிற்பத்தில் இருக்கிறது. பெண்கள் தறியில் நெய்கிறார்கள். நடுவே மினர்வா, அராக்னி என்ற நெசவுக்காரியைத் தண்டிக்கிறாள். ஓவிட் சொல்லும் கதையில் அராக்னி நெய்த துணியில் குறையே இல்லை. அதுதான் தேவிக்குக் கோபம். துணியைக் கிழித்து, நெசவு நாடாவாலேயே அவள் நெற்றியில் அடிக்கிறாள், கடைசியில் சிலந்தியாக்கிவிடுகிறாள். தன்னைவிட நன்றாகச் செய்துவிட்ட மாணவியைப் பொறுக்க முடியாத ஆசிரியை! நம் சுவரில் இருப்பதிலேயே எனக்குப் பிடிக்காத கை இதுதான். பெர்கமோனைவிட இது மோசம் என்பேன்.

மீதிப் படங்களைப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் 1727இல் கழிவுநீர்க் கால்வாய் தோண்டும்போது கிடைத்த, பொன்முலாம் பூசிய மினர்வா தலை. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் 1959இல் குழாய் பதிக்கத் தோண்டியபோது வெளிவந்த, ஆளைவிட உயரமான வெண்கல அதீனா. இந்தியாவோடு நேரடித் தொடர்புள்ள படம் ஒன்றும் உண்டு. பஞ்சாப் பகுதியை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டரின் வெள்ளிக் காசு. பௌத்த நூல் 'மிலிந்த பன்ஹா'வில் வரும் மிலிந்தன் அவன்தான். காசில் அதீனா கேடயம் தாங்கி இடியை எறிகிறாள், சுற்றிலும் வடமேற்கு இந்தியாவின் பழைய எழுத்தான கரோஷ்டி.

இனி வீட்டுப்பாடம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் உள்ள கையை மட்டும் பென்சிலால் வரைய வேண்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை. கீழே பத்து வரிக்குள் மூன்று விஷயம்: அந்தக் கை என்ன செய்கிறது, பொருள் எங்கே கிடைத்தது, இது மூலமா நகலா. ஜெராக்ஸ் கடையில் வண்ணப் பிரிண்ட் எடுத்து ஒட்டுவது வேண்டாம். சார்ட், தெர்மோகோல் எதுவும் வாங்க வேண்டாம். கூகுளில் வரும் படங்களில் இப்போது கணினி உருவாக்கிய அதீனாக்களும் கலந்து கிடக்கின்றன, அவற்றில் கவசத்தையும் காணோம், காலத்தையும் காணோம். அதனால் அருங்காட்சியகங்களின் இணையதளப் படங்களை மட்டும் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறோம். கைப்பேசி தேவைப்பட்டால் பத்து நிமிடம் நீங்களும் பக்கத்தில் இருங்கள். வீட்டில் இணைய வசதி இல்லாதவர்கள் மதிய இடைவேளையில் நூலகத்திலேயே வரையலாம்.

வரும் சனிக்கிழமை காலை நூலகம் திறந்திருக்கும். பெற்றோர் வந்து படங்களைப் பார்க்கலாம், விளக்கம் சொல்லப்போவது மாணவர்கள். பெர்கமோன் படம் தன் பிள்ளையைத் தொந்தரவு செய்கிறது என்று யாருக்காவது தோன்றினால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒலிம்பியா படத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்