தம்பியை இங்க அனுப்புற சங்கதி

பீட்டர்ஹெட், ஸ்காட்லாந்து
17 ஜனவரி 2026

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்க நல்ல சுகம். நீ, அப்பா, அக்கா, பிள்ளைங்க, தம்பி எல்லாரும் சுகமா இருக்க வேர்க்காட்டு சந்தியாகப்பர் துணை இருப்பார்.

பாம்பன் அத்தை மகன் லண்டன்ல வந்து இறங்குன கையோட பார்சலைத் தபால்ல அனுப்பி வச்சுட்டான். முண்டு மிளகாயும் கருப்பட்டியும் பத்திரமா வந்துச்சு. மிளகாய்ப் பைக்குள்ள லெட்டர் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. காகிதம் முழுக்க நெடி, படிக்கப் படிக்கத் தும்மல். வீடியோவுலதான் பேசிக்கிறோமே, அப்புறம் என்னத்துக்கு லெட்டர்னு தோணுச்சு. ரெண்டாம் பக்கம் வந்ததும் புரிஞ்சுது. போன்ல நீ பேசுறதைவிட சுத்தி நிக்கிறவங்க பேசுறதுதான் ஜாஸ்தி. அப்பா காதுல விழக்கூடாத சேதின்னா மிளகாய்ப் பையிலதான் வந்தாகணும். அதனால நானும் பேனாவை எடுத்துட்டேன். அத்தை மகன் திரும்புறப்ப கொண்டாந்து குடுப்பான். நீயே வாங்கு, அக்கா பிள்ளைங்க கையில குடுத்து வாசிக்கச் சொல்லாத.

பாம்பன் புதுப் பாலத்துல ரயில் போறதைப் பாக்க அப்பா இன்னமும் ரோட்டுப் பாலத்துல போய் நிக்கிறார்னு எழுதியிருக்க. 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயிலை நிறுத்துனப்ப, ‘இனிமே நம்ம காலத்துல ரயில் வராது’ன்னு சாயா கடையில உக்காந்து சத்தியம் பண்ணுனவர் அவர்தான. போன வருஷம் ஏப்ரல்ல திறந்ததுலருந்து அவருக்கு அதே வேடிக்கையாப் போச்சு. பழைய தூக்குப் பாலத்தை ஆளுங்க சுத்தி நின்னு கம்பியைத் தள்ளித் தள்ளித் திறப்பாங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இது நடுவுல அப்படியே 17 மீட்டர் மேல போகுதாம். நான் யூடியூப்ல பாத்தேன், அவர் நேர்ல பாக்கட்டும். வாடைக் காத்துல தலைக்குத் துண்டு இல்லாம மட்டும் நிக்க வேணாம்னு சொல்லு.

அந்தோணி மாமா மகன் யாழ்ப்பாண ஜெயில்லருந்து வந்துட்டான்னு படிச்சப்பதான் மூச்சு வந்துச்சு. போட் வராதுன்னுதான் நெனைச்சேன். 2018-ல இலங்கைக்காரங்க சட்டத்தை மாத்துனதுலருந்து அபராதம் அத்தனை பெருசாப் போட்டுட்டாங்க, எத்தனையோ போட்டு அந்தக் கரையிலயே கெடந்து மக்கிப் போகுது. மாமா கடனுக்கு என்ன பண்ணப் போறாருன்னு நீ எழுதல. கேக்கவும் எனக்கு மனசு வரல. கச்சத்தீவுத் திருநாளுக்கு அக்காவும் நீயும் பேர் குடுக்கப் போறதா எழுதியிருக்க, அங்க போனா அந்தோணியார்கிட்ட மாமாவுக்கும் சேத்து வேண்டிக்க. எதுத்த வீட்டு பீவி அக்கா மகளுக்கு நிச்சயம் ஆயிருச்சாமே, ரொம்ப சந்தோஷம். பெரியம்மா வீட்டுச் சுவர்ப் பஞ்சாயத்துல நீ தலையிடாத.

என் வேலையைக் கேட்டிருந்த. படிச்ச படிப்புக்கு எழுதிப் போட்டுக்கிட்டே இருக்கேன், வரும். அதுவரைக்கும் மீன் கம்பெனியிலதான். நம்ம ஊர் கம்பெனி மாதிரி வெக்கை, ஈ, நாத்தம் எதுவும் கெடையாது. எல்லாம் ஐஸ் மாதிரி குளிரும். இங்க ஜாஸ்தி வர்றது ஹாடக்குன்னு ஒரு மீனு. அதோட ரெண்டு பக்கமும் செவுளுக்குப் பின்னால கறுப்பா, கட்டைவிரல் பதிஞ்ச தடம் மாதிரி இருக்கும். நம்ம ராயப்பர், அதான் பீட்டர், மீன் வாயிலருந்து காசெடுத்தாருல்ல, அப்ப பிடிச்ச விரல் தடம்னு இங்கத்து சனங்க சொல்றாங்க. உனக்குப் பிடிக்கும்னுதான் எழுதுறேன். இந்த நாட்டுக்கே பாதுகாவலர் நம்ம பெலவேந்திரர்தான், இங்க ஆண்ட்ரூன்னு சொல்றாங்க, அது தெரியுமா?

உனக்கு வயிறெரியுற சங்கதி ஒண்ணு இருக்கு. சதையை ரெண்டு பக்கமும் சீவி எடுத்துட்டுத் தலையையும் நடுமுள்ளையும் அப்படியே டப்பாவுல தள்ளிடுறாங்க. மீன்தூள் அரைக்கிறதுக்குப் போகுது. உள்ளங்கையை விடப் பெரிய தலை அம்மா, கன்னத்துச் சதையோட! ஒரு நாள் கேட்டு நாலஞ்சு வாங்கிட்டு வந்து, உன் மிளகாயை வறுத்து அரைச்சு, புளி ஊத்திக் குழம்பு வச்சேன். புளி வாங்க அபர்டீன் வரைக்கும் பஸ்ல போய் வரணும், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். குழம்பு கொதிக்கிறப்ப நம்ம அடுப்படி வாசம் அப்படியே வந்துச்சு. தின்னப்ப இல்ல. இந்த மீனுக்கு ருசின்னு தனியா ஒண்ணும் கெடையாது. ஒரு ஓரா, ஒரு முரல், ஏன், காரப்பொடிக்கே கிட்ட வராது.

அந்த வாசத்துக்குத்தான் கீழ் வீட்டுத் தாத்தா வந்து கதவைத் தட்டினார். திட்டத்தான் வந்திருக்கார்னு நெனைச்சேன். அவருக்கு அதுதான் பழக்கம். குப்பைத் தொட்டியில எந்தக் கலர்ல எதைப் போடணும்னு அவர்கிட்ட நான் வாங்காத ஏச்சு இல்ல. 15 வயசுல கடலுக்குப் போனவராம். இந்தக் குளிர்ல அரைக்கைச் சட்டையோட வாசல்ல நிப்பார். அவர் பேசுறது பாதி எனக்குப் புரியாது, நான் பேசுறது முக்காவாசி அவருக்குப் புரியாது. அன்னைக்குக் குழம்பை ஒரு கரண்டி வாங்கி நாக்குல வச்சவர், முகம் செவந்து, கண்ணுல தண்ணி விட்டு, தொண்டையைச் செருமிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். இவங்க ஆளுங்க போட்டுல சால்மன் மீனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்களாம், ‘செவத்த மீன்’னுதான் சொல்லணுமாம். பன்னின்னும் வாயால சொல்லக் கூடாது. சொல்லிட்டா உடனே இரும்பைத் தொட்டுடணும். வத்தையில செருப்போட ஏறுனா அப்பா என்ன பாடு படுத்துவார்னு நானும் சொன்னேன். அதுக்கு மட்டும் நல்லாத் தலையை ஆட்டுனார்.

ராத்திரி காத்து மாறுனா அவருக்குத் தெரிஞ்சிடும். மறுநாள் போட் போகாதுன்னு கீழேருந்தே ஒரு சத்தம் குடுப்பார். போட் போகலைன்னா கம்பெனிக்கு மீன் வராது, எங்களுக்கு ‘இன்னைக்கு வேணாம்’னு மெசேஜ் வந்துடும். அதெல்லாம் எப்பவாச்சும்தான். இந்த மாசம் பணம் ரெண்டு வாரம் பிந்தும். பேங்க்ல ஏதோ மாத்துறாங்களாம், வேற ஒண்ணும் இல்ல.

இப்ப தம்பி விஷயத்துக்கு வர்றேன்.

மல்லிகைத் தோட்டத்தை வித்து அவனை இங்க படிக்க அனுப்பலாம்னு இருக்க. அந்தோணி மாமா மகன் பட்ட பாட்டைப் பாத்து உனக்குப் பயம் பிடிச்சிருக்கு. அது எனக்குத் தெரியாம இல்ல. அவன் கடலுக்குப் போக வேணாம்னுதான் நானும் சொல்றேன். ஆனா இங்க வேணாம்.

ஏஜென்ட் உன்கிட்ட மணிக்கு இத்தனை பவுண்டுன்னு கணக்குப் போட்டுக் காட்டியிருப்பான். 12 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல வரும், நெசந்தான். நம்ம காசுல ஆயிரத்து நானூறுக்கு மேல. சம்பளத்தைத்தான் ரூபாயில பெருக்கிக் காட்டுவானுங்க. வாடகையையும் பஸ்ஸையும் யாரும் பெருக்கிக் காட்ட மாட்டானுங்க. கரண்டுக்கே இங்க போனுக்கு ரீசார்ஜ் பண்ற மாதிரி முன்கூட்டிப் பணம் கட்டணும், தீந்துட்டா ஹீட்டர் நின்னுடும். அப்புறம் அவன் சொல்லாதது இன்னொண்ணு இருக்கு. படிப்பு முடிச்சுட்டு வேலை தேட இதுவரைக்கும் 2 வருஷம் விட்டாங்க. 2027 ஜனவரிலருந்து கேக்குறவங்களுக்கு 18 மாசம்தான். அதுக்கு மேல இருக்கணும்னா கம்பெனி விசா குடுக்கணும், அதுக்குப் பொதுவா வருஷச் சம்பளம் 41,700 பவுண்டு காட்டணும். மீன் வெட்டுறவனுக்கு எவன் அவ்வளவு குடுப்பான்?

தம்பி சுபாவத்தையும் பாரு. வீட்டுக்குள்ள நுழையும்போதே நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வர்றவன் அவன். இங்க கிறிஸ்துமஸ் சமயத்துல காலையில எட்டே முக்காலுக்குத்தான் விடியும், மத்தியானம் மூணரைக்கு இருட்டிடும். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகலைன்னா நாள் முழுக்க வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. திங்கக்கிழமை லைன்ல நிக்கிறவங்ககிட்ட ‘மார்னிங்’னு சொல்றப்ப குரல் அடைச்சுக்கிட்டு வரும். எனக்குப் பழகிடுச்சு, குளிருக்குத் தொண்டை கட்டுறதுதான். அவனால தாங்க முடியாதுன்னு சொல்றேன்.

தோட்டத்தை வித்துடாத அம்மா. நீ லெட்டர்ல ‘மழைத் தண்ணி வடிஞ்சிருச்சு, நாத்து தப்பிச்சுது’ன்னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிட்ட. அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். விடியக்காலையில நீ ஈர மணல்ல உக்காந்து குச்சி நட்டுக்கிட்டிருப்ப, நான் தூக்கக் கலக்கத்துல குடத்தோட வருவேன், தென்கடல் பக்கம் இரைச்சல் கேட்டுக்கிட்டே இருக்கும். இங்கயும் ரூம்ல படுத்தா கடல் இரைச்சல் கேக்குது. ஆனா அது வேற மாதிரி. எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியல. தமிழ்நாடு முழுக்க மல்லி நடுறவன் தங்கச்சிமடத்து நாத்தைத்தான் தேடி வர்றான். வித்துட்டா, அந்த மண்ணும் அந்த நல்ல தண்ணியும் உனக்குத் திரும்பக் கெடைக்குமா? அதை வித்துத்தான் என் கடனை அடைக்கணும்னு அப்பா எப்பவாச்சும் சொன்னா, மூத்தவன் பாத்துக்குவான்னு சொல்லிடு.

தம்பிக்கு நான் யோசிச்சது இதுதான். மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல கூண்டு மீன் வளர்ப்பு சொல்லிக் குடுக்குறாங்க. கடல்ல கூண்டு கட்டி, குஞ்சு விட்டு வளர்க்கிறது. கரையிலருந்து பாத்தாத் தெரியுற தூரம்தான், எல்லையும் இல்ல, ஜெயிலும் இல்ல. அக்கா புருஷனைக் கூட்டிக்கிட்டு ஒரு நடை போய் எப்பப் பயிற்சின்னு விசாரிக்கச் சொல்லு. மச்சான் வாய் பேசுவார், ஆனா போகச் சொன்னாப் போவார். டிகிரியில மிச்சம் இருக்கிற பேப்பரை முதல்ல முடிக்கச் சொல்லு. அதை நான் சொன்னேன்னு சொல்ல வேணாம், சொன்னா முடிக்க மாட்டான்.

ஏஜென்ட்கிட்ட இதுவரைக்கும் ஏதாச்சும் அட்வான்ஸ் குடுத்திருக்கியான்னு மட்டும் மறைக்காம எழுது. குடுத்திருந்தா ரசீது இருக்கான்னு பாரு. தம்பியோட ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சிருந்தா, பணத்தை விடு, முதல்ல அதைத் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்லு. தோட்டத்துப் பத்திரமும் பட்டாவும் பீரோவுலதான இருக்கு? சாவியை உன் இடுப்புலயே வச்சுக்க.

அக்கா கடல்பாசி எடுக்கப் போறப்ப விரல்ல துணி சுத்துறதை விட்டுட்டு நல்ல ரப்பர் கையுறை போடட்டும். எங்க கம்பெனியில குடுக்குற மாதிரி ரெண்டு ஜோடி வாங்கி அத்தை மகன் பையில வச்சு அனுப்புறேன். சின்னவளுக்குக் கால் அளவு கேட்டிருந்தேனே, நீ எழுதவே இல்ல. அட்டையில காலை வச்சுக் கோடு போட்டு, போட்டோ எடுத்து அக்காவை அனுப்பச் சொல்லு. ரெண்டு காலுக்கும் எடுக்கச் சொல்லு.

அன்புடன்,
உன் மூத்தவன்

பின்குறிப்பு: மிளகாய் இன்னும் நெறைய இருக்கு. அடுத்த தடவை யாராச்சும் வந்தா அது வேணாம், கருப்பட்டி மட்டும் குடுத்துவிடு. கீழ் வீட்டுத் தாத்தா டீக்குப் போட்டுப் பாத்துட்டு மறுபடியும் கேக்குறார்.