அடி இறங்குதா என்று ஒரு கேள்வி கேளுங்கள்

கடலூர் மாவட்ட சுகாதாரத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். அடி இறங்குதல், அதாவது கர்ப்பப்பை கீழே இறங்கிப் பிறப்புறுப்பு வழியாக வெளியே வருவது பற்றி எழுதுகிறேன். நான் தேவனாம்பட்டினத்து மீன்காரியின் மகள். அம்மா துறைமுகத்தில் மீன் வாங்கி, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றவர். ஐந்து பிள்ளைகள், ஐந்தும் சுகப்பிரசவம்.

ஒருநாள் கொடியில் பழைய புடவையைக் கிழித்து மடித்த துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. தூரம் நின்று பத்து வருடமான அம்மாவுக்கு இது எதற்கு? கேட்டேன். "அடி இறங்குதுடி. கூடையைத் தூக்கினா வெளிய வந்துடும். உட்கார்ந்து உள்ளே தள்ளிட்டு துணி வெச்சுக்குவேன்" என்றார். ஏழு வருடமாக இப்படித்தானாம். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று பாட்டி சொன்னதோடு சரி.

முதலில் பார்த்த மருத்துவர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். இன்னொரு மருத்துவர்தான் உட்காரவைத்து விளக்கினார். ஆரம்பத்திலேயே வந்தால் இடுப்பின் அடித்தசைகளை இறுக்கும் பயிற்சி உதவும். அறுவை வேண்டாம் என்பவர்களுக்கு, பிறப்புறுப்புக்குள் வைத்துக் கர்ப்பப்பையைத் தாங்கும் சிலிகோன் வளையம் உண்டு. முற்றிய நிலையில், வயிற்றில் மூன்று நான்கு சிறு துளை போட்டு, லேப்ராஸ்கோப்பி என்னும் கேமராக் கருவி வழியாகக் கர்ப்பப்பையை ஒரு வலைப்பட்டையால் முதுகெலும்பின் அடிப்பகுதியோடு இழுத்துக் கட்டலாம். கர்ப்பப்பையை எடுத்த பிறகும் பிடிமானம் தளர்ந்தால் பிறப்புறுப்பின் மேல்பகுதி இறங்கும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். வலை என்றதும் அண்ணன் பயந்தார். இந்த இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையைத்தான் அமெரிக்கா 2019இல் நிறுத்தியது, இது வயிற்று வழி என்றார் மருத்துவர். இதிலும் அபூர்வமாக வலை அரித்துக்கொண்டு வெளியே வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. முழு மயக்கம் தாங்காதவர்களுக்குப் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும், வலை வைக்காத அறுவையே நல்லதாம்.

அந்த வயிற்று வழி அறுவை முடிந்து அம்மா மூன்றாம் நாள் வீடு வந்தார். ஆனால் மூன்று மாதம் கனம் தூக்கக்கூடாது. கூடை தூக்காவிட்டால் அடுப்பு எரியாது. அதனால்தான் மீன்பிடித் தடைக்காலத்தையொட்டி அறுவையை வைத்துக்கொண்டோம்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறீர்கள். நல்ல திட்டம். அதோடு, வருகிற பெண் ஊழியர் வீட்டுப் பெண்ணைத் தனியாக அழைத்து, "அடி இறங்குதாம்மா?" என்று கேட்கட்டும். எங்கள் பெண்கள் தாங்களாக வாய் திறக்க மாட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் வரும்போது அந்தப் பயிற்சியையும் சொல்லித் தரட்டும். கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன் எல்லா வழியையும் தமிழில் விளக்கச் செய்யுங்கள்.

அப்புறம், மீனவர் குப்பங்களில் இதற்கான முகாமை மார்ச்சிலேயே நடத்துங்கள். ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கிவிடும். அறுவை தேவைப்படுகிறவர்கள் அதற்குள் நாள் குறித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தேவனாம்பட்டினத்து மகள் ஒருத்தி