பையைக் கொட்டிப் பாருங்கள், டாக்டர்

திருநெல்வேலி, தென்காசி மாவட்ட மருத்துவமனைகளில் வார்டு பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 71. நாற்பது வருடம் பீடி சுற்றியவள். சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, இதயத்தில் பம்பிங் குறைவு, போன வருடத்திலிருந்து கிட்னியும் மந்தம், அதைக் காட்டுகிற கிரியேட்டினின் அளவு 2.6. இதில் எதுவும் உங்களுக்குப் புதிதில்லை. நாலும் ஒரே உடம்பில் இருப்பதுதான் பாடு. ராதாபுரம், அம்பை, சங்கரன்கோவில் என்று எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி உங்களிடம் வருகிற வயசாளிகளில் நிறையப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள்.

போன ஐப்பசியில் மூச்சுத்திணறலோடு அம்மாவைச் சேர்த்தோம். எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. எங்கே சேர்த்திருந்தாலும் இது நடந்திருக்கும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஒன்பது நாள் இருந்தோம். இதயத்துக்கு ஒரு டாக்டர், கிட்னிக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர். அவரவர் வேலையை நன்றாகவே செய்தார்கள். அமுக்கினால் குழி விழுகிற அளவுக்கு இருந்த கால் வீக்கம் நாலு நாளில் வடிந்துவிட்டது. அதைச் சொல்லாமல் குறையை மட்டும் சொன்னால் எனக்கே அடுக்காது.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் விடியற்காலை, அம்மா சேலையெல்லாம் வியர்வையில் நனைந்து கிடந்தாள். "எம்மா, எம்மா" என்று உலுக்கியும் கண் திறக்கவில்லை. 108 வண்டியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை 34. குளுக்கோஸ் ஏறியதும் முழித்துக்கொண்டு, "காப்பி போட்டியா?" என்றாள். அப்பாடா என்று உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் இறங்கிவிட்டது.

நடந்தது இதுதான். அம்மா பல வருடமாகச் சர்க்கரைக்கு ஒரு நீள மாத்திரை போடுவாள். சர்க்கரையைக் குறைக்கிற கிளிமிபிரைடு, மெட்பார்மின் என்ற இரண்டு மருந்தும் சேர்ந்தது. கிட்னி இந்த அளவுக்கு மந்தமாகிவிட்டால் மெட்பார்மின் கூடாது என்பதால், வார்டில் அதை நிறுத்திவிட்டு கிளிமிபிரைடை மட்டும் தனியாக எழுதியிருக்கிறார்கள். சரியான முடிவு. ஆனால் அந்த முடிவு வார்டோடு நின்றுவிட்டது. புதுசு வேறு கம்பெனி, வேறு பெயர், குட்டி மாத்திரை. பழையதை நிறுத்தச் சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இல்லை, வாயாலும் யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு மாத்திரைப் பெயர் தெரியாது. நிறமும் நீளமும்தான் தெரியும். இரண்டையும் போட்டிருக்கிறாள். கிளிமிபிரைடு இரட்டிப்பானது. மந்தமான கிட்னியால் அதைச் சீக்கிரம் வெளியேற்றவும் முடியாது. அதனால்தான் குளுக்கோஸ் ஏற்ற ஏற்ற இறங்கிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு ராத்திரி டியூட்டியில் ஒரு பயிற்சி மருத்துவர் இருந்தார். தம்பிக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். "வீட்டுல இருக்க மாத்திரை எல்லாத்தையும் கொண்டாந்திருக்கியளாக்கா?" என்று கேட்டார். அதுவரைக்கும் யாருமே கேட்காத கேள்வி. மஞ்சப்பையை நீட்டினேன். அப்படியே கட்டில் போர்வை மேல் கொட்டினார். முந்தின டிஸ்சார்ஜில் கொடுத்தது, தனியார் கிளினிக்கில் எழுதியது, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து தருகிற பிரஷர் மாத்திரை, பேப்பர் கவரில் போட்ட பெயரில்லாத வெள்ளை உருண்டைகள். (மெடிக்கலில் நாலு மாத்திரை கேட்டால் வெட்டித் தருகிறார்கள், பெயர் இருக்கிற பாதி கடையிலேயே தங்கிவிடுகிறது.) எண்ணினார். பதினாறு வகை.

அதில் ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டைக்ளோபினாக். முட்டிவலிக்கு அம்மா தானாக வாங்கிப் போடுவது, தினம் இரண்டு. அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், கிட்னியையும் கெடுக்கும், முதல் தடவை மூச்சு முட்டியதற்கே இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். எனக்குத் தலை சுற்றியது. ஒன்பது நாள், மூன்று டாக்டர்கள், எக்கோ, ஸ்கேன், தினம் ரத்தம் எடுத்தார்கள். அந்த அட்டை கட்டிலுக்கு அடியில் பைக்குள்ளேயே இருந்தது.

அம்மாவிடம் கேட்காமல் இல்லை. "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லய்யா" என்றிருக்கிறாள். பொய் சொல்லவில்லை. மேலுவலிக்குப் போடுவது அவளுக்கு மாத்திரைக் கணக்கிலேயே வராது. நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் "ரவுண்ட்ஸ் வருது, கூட இருக்கவங்க வெளிய போங்க" என்ற சத்தம் கேட்டால் நாங்கள் எல்லாரும் வராண்டாவுக்குப் போய்விட வேண்டும். கூட்டம் எனக்கும் புரிகிறது. ஒரு கட்டிலுக்கு நாலு பேர் நின்றால் நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? ஆனாலும், இப்படிப் பல நோய் உள்ளவர்களுக்காவது கூட ஒரே ஒருவரை நிற்க விடுங்கள்.

2017இல் உலக சுகாதார நிறுவனம் மருந்தால் வரும் கேட்டைக் குறைக்க ஒரு உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. முதலில் கவனிக்க வேண்டியவை என்று அது சொன்ன மூன்றில் ஒன்று, ஒருவரே பல மருந்து சாப்பிடுவது. இன்னொன்று, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறுகிற நேரம். அம்மா இரண்டிலும் மாட்டியவள்.

அதனால் கேட்கிறேன். சேர்க்கிற அன்றைக்கே பையைக் கொட்டிப் பாருங்கள். அந்தத் தம்பிக்கு இருபது நிமிடம் ஆனது. உங்களுக்கு நேரமில்லை என்றால் சிஸ்டரோ மருந்தாளுநரோ பார்க்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் 'சாப்பிட வேண்டியவை' என்பதற்குக் கீழே 'நிறுத்தியவை' என்றும் எழுதுங்கள், தமிழில், கொட்டை எழுத்தில். அப்புறம் தண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடாது என்றீர்கள். காப்பி, ரசம், கஞ்சி எல்லாம் அந்த ஒரு லிட்டருக்குள்தான் என்று யாரும் சொல்லாததால், அம்மா தண்ணீரை மட்டும் அளந்து குடித்துக்கொண்டிருந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வாங்கி வந்த இளநீரில் பொட்டாசியம் இருக்கிறது, கிட்னிக்காரர்களுக்கு ஆகாது என்பதும் இரண்டாம் தடவைதான் தெரிந்தது. சீட்டில் இந்த இரண்டு வரிக்கும் இடம் இருக்கும்.

அந்தத் தம்பி எழுதிக் கொடுத்த தாளை எங்கள் வீட்டு நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பதினாறு வகை ஏழாகிவிட்டது. நீள மாத்திரை, குட்டி மாத்திரை என்று படம் வரைந்து, நிறுத்தியதன் மேல் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். அம்மா எழுத்துக்கூட்டாமலே அதைப் பார்த்து எடுத்துப் போடுகிறாள். அடுத்த செவ்வாய் ரிவ்யூவுக்கு வருகிறோம். பையும் வரும்.

இப்படிக்கு,
சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து ஒரு மகள்