மூராபினில் பறக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மாவும் தம்பியும் நலம். உன் சீருடைப் படத்தைச் செந்தூலில் அம்மா காட்டாத வீடு இல்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு தரையிறக்கத்தையும் விவரித்துச் சொல்லும் நீ, இப்போது "நன்றாகப் போகிறது அப்பா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய். தம்பியிடம் ஏதோ சொல்லியிருக்கிறாய் என்பது அவன் முகத்திலேயே தெரிகிறது. நான் அவனைக் கேட்கவில்லை, உன்னையும் கேட்கப்போவதில்லை.

சுபாங் விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பில் காலம் கழித்தவன் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். நீ பயிற்சி பெறும் மெல்பர்னின் மூராபின் விமான நிலையத்தில், இணையான ஓடுபாதைகளில் ஒருவர் இடப்புறமாகவும் மற்றவர் வலப்புறமாகவும் சுற்றி வந்து, முடிவில் ஒருவரை ஒருவர் நோக்கித் திரும்புகிறீர்கள். அந்தக் கடைசித் திருப்பத்தில் சற்றுத் தாமதித்தாலும் அடுத்தவரின் பாதைக்குள் நுழைந்துவிடுவாய். நீ ஓட்டும் செஸ்னா என்ற சிறிய விமானத்துக்கு இறக்கை மேலே இருப்பதால், நீ திரும்பும் பக்கத்தையே சாய்ந்த இறக்கை மறைத்துவிடும். ஆகவே திரும்புமுன் பார், அம்மா. முன்கண்ணாடியில் நகர்ந்து செல்லும் விமானத்தைவிட, ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வருவதற்குத்தான் அஞ்ச வேண்டும். மோத வருவது அதுதான், நகராததால் கண்ணில் எளிதில் படாததும் அதுதான். கண்டு, உணர்ந்து, முடிவெடுத்து, விமானம் விலகுவதற்கு ஏறக்குறைய 12.5 வினாடிகள் ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கணக்கிட்டுள்ளது. வெளியே பார்க்காமல் விமானத்தின் உள்ளே இருக்கும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வினாடிகள் எங்கிருந்து கிடைக்கும்?

1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில் ஒரு போயிங் 727 விமானமும் பயிற்சியில் இருந்த ஒரு செஸ்னாவும் மோதி 144 பேர் இறந்தார்கள். முன்னால் செஸ்னா இருப்பதைப் போயிங் விமானிகளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் அதைப் பார்த்தும் இருந்தார்கள். பிறகு அது கண்ணிலிருந்து மறைந்தபோது, அதைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தெளிவாகச் சொல்லாமல், கடந்து போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டார்கள். காணவில்லை என்றால் காணவில்லை என்று ரேடியோவில் உடனே சொல். வெட்கப்படாதே. திரும்புமுன் பார், சந்தேகம் இருந்தால் இறங்காமல் மேலெழுந்து மீண்டும் சுற்றி வா. எரிபொருள் செலவைக் கணக்குப் பார்க்காதே.

இவ்வளவு படித்த பிள்ளை, பெற்றவர்களுக்கு மட்டும் ஏன் பாதியைச் சொல்கிறாய் என்று எனக்கு வருத்தம்தான். ஆனாலும் தனியாக விமானம் ஓட்டும் பெண் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான். அந்தப் பெருமை என்னைவிட்டுப் போகவில்லை.

எங்களிடம் சொல்லாவிட்டாலும் பயிற்றுநரிடம் சொல். ஏதேனும் விமானம் நெருங்கி வந்திருந்தால், அதை எழுத்தில் அறிவிப்பதற்கு ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இருக்கிறது. பயிற்சி தள்ளிப்போகும், உன் படிப்புக்காக அடகு வைத்த வீட்டுப் பத்திரம் என்னாகும் என்று நினைத்து எதையும் மறைக்காதே. அதை நானும் பெரியப்பாவும் பார்த்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவாள். நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன். அப்போது அழை.

இப்படிக்கு,
அப்பா