மறுநடவு பற்றி நண்பனுக்கு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே மழை ஓயவில்லை. முட்டிவலி தவிர நான் நலம்.

சரி, உன் செம்பனை (எண்ணெய்ப்பனை) விஷயத்துக்கு வருகிறேன். மரங்களுக்கு 27 வயதாகிவிட்டது, ஆனால் விலை நன்றாக இருக்கிறது, பழைய மரத்தை அழித்துப் புதுக்கன்று நடுவதை இன்னும் இரண்டு வருடம் தள்ளலாமா என்று கேட்கிறாய். தள்ளாதே. இன்று வைக்கும் கன்று குலை தள்ள ஏறக்குறைய மூன்று வருடமாகும். பிறகு இருபது வருடத்துக்கு மேல் பலன் தரும். இந்த மாத விலையை வைத்து அதை எப்படி முடிவு செய்வாய்? 2022-இல் கச்சா செம்பனை எண்ணெய் டன் 7,000 வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, தாண்டியது. அதே வருடம் முடிவதற்குள் 4,000 பக்கம் இறங்கிவிட்டது.

விலையைப் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. குலையை எந்த வியாபாரிக்குப் போடுவது, இந்தச் சுற்றில் உரத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, இதையெல்லாம் மாதாமாதம் மாற்றிக்கொள். நம் ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு நினைவிருக்கும். விடியற்காலையில் மரம் நனைந்திருந்தால் பால்வெட்டு கிடையாது என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) அங்கேயே சொல்லி, ஆட்களைப் புல்வெட்ட அனுப்பிவிடுவார். அந்த முடிவுக்கு அன்றைய வானம் போதும். எந்தப் பகுதி மரங்களை எந்த வருடம் அழித்து நடுவது என்பதைப் பெரட்டில் யாரும் கேட்டதில்லை. அது தோட்ட நிர்வாகியான துரையின் ஆபீஸில் பல வருடம் முன்பே எழுதி வைத்தது.

நீ பாதி நிலத்தை மட்டும் முதலில் அழி. மறுபாதி வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும். புதிய மரம் காய்க்கத் தொடங்கியதும் அதையும் மாற்றலாம். கன்று நாற்றுப்பண்ணையிலேயே ஒரு வருடம் வளர வேண்டும், அதனால் இப்போதே சொல்லி வை. உரிமம் உள்ள பண்ணையில்தான் வாங்கு. பழைய மரத்தில் கேனோடெர்மா என்னும் அடித்தண்டு அழுகல் பூஞ்சை இருந்தால் அடித்தூரைத் தோண்டி எடுக்காமல் நடாதே, நோய் புதிய கன்றுக்கும் வரும்.

இதை எழுதும்போது அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தனைத்தான் நினைத்துக்கொள்கிறேன். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டுதுண்டாக்கி விற்க, நம் ஆட்கள் வேலையோடு தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் இழந்த காலம் அது. துண்டாடும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓடி ஓடிப் பேசுவதிலேயே ஒரு தலைவரின் ஆயுள் போயிருக்கும். ஆனால் தொழிலாளியே தோட்டத்துக்குச் சொந்தக்காரனாக வேண்டும் என்று சம்பந்தன் முடிவெடுத்தார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. உறுப்பினர் கட்டியது மாதம் பத்து வெள்ளி. அன்றைய சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை, ஆனாலும் மாதக்கட்டணம் என்பதால் கட்ட முடிந்தது. அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்த அந்த உழைப்பை நம் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்லவே இல்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. நோக்கம் மாறாமல் இருந்தது. ஆனால் பணம் சேர்த்த வழி தொழிலாளியின் சம்பளநாளைப் பார்த்து அமைந்தது. எனக்கு அதில் பெரிய மரியாதை.

உன் மகனையும் இதில் உட்கார வை. மறுநடவின் பலனை அனுபவிக்கப்போவது அவன்தான். கணக்கு அவனுக்குத் தெரிய வேண்டும்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கு வருவாய் அல்லவா? அப்படியே இங்கே வந்து இரண்டு நாள் தங்கு. நிலத்தின் வரைபடத்தையும் கடைசி ஒரு வருடத்து விற்பனைச் சீட்டுகளையும் மறக்காமல் கொண்டு வா. எந்தப் பாதியை முதலில் அழிப்பது என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய தோழன்