உப்பளத்து வெயிலும் பேரிடர்தான்: மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெப்பத்தால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அதில் அடங்கும். குளிரலைக்கு இடமளித்த தேசியப் பேரிடர் பட்டியலில் வெப்ப அலைக்கு அப்போது இடமில்லாதிருந்த நிலையில், மாநிலம் தானே முன்வந்து எடுத்த அந்த முடிவு பாராட்டுக்குரியது. ஆனால் தூத்துக்குடி உப்பளங்களில் கூலி வேலை செய்வோரை மனத்தில் வைத்து அந்த அறிவிப்பைப் படிக்கும்போது, அவர்களுக்கு உயிரோடு இருக்கும்வரை அதில் கிடைப்பது மிகக் குறைவு என்றே தோன்றுகிறது. அந்தக் குறையைப் பற்றியே இம்மடல்.

உப்புத் தொழிலுக்கும் வெயிலுக்கும் உள்ள உறவு வேறெந்தத் தொழிலிலும் இல்லாதது. வெயில் கொளுத்தினால் வயலில் பயிர் வாடும், நிலத்துக்காரரும் கவலைப்படுவார்; கட்டட வேலையில்கூட நண்பகலில் வேலையைச் சற்று நிறுத்தினால் யாருக்கும் பெரிய இழப்பு வந்துவிடாது. உப்பளத்தில் வெயில்தான் மூலப்பொருள். வெயில் ஏற ஏற பாத்தியில் உப்பு விரைவாக விளையும். விளைந்ததை வாரிக் கரையேற்றியாக வேண்டும். ஆகவே உடல் எந்த மாதங்களில் ஓய்வு கேட்கிறதோ, அந்த மாதங்களில்தான் வேலை மும்முரமாக நடக்கிறது. வெப்பத்தைக் காரணம் காட்டி வேலையை நிறுத்தும் தேவை முதலாளிக்கு ஒருநாளும் வராது என்பதால், அந்தப் பொறுப்பை அரசுதான் ஏற்க வேண்டியிருக்கிறது.

முத்தையாபுரத்திலிருந்து பழையகாயல் வரையிலும், வடக்கே தருவைகுளம், வேப்பலோடைப் பக்கத்திலும் காலையில் போய்ப் பார்த்தால் நிலைமை விளங்கும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டும் கட்டிய பெண்கள், விடியுமுன்னே பாத்தியில் இறங்கியிருப்பார்கள். ஒதுங்கி நிற்க மரநிழல் கிடையாது. உப்பு மண்ணில் மரம் வளராது. மேலிருந்து அடிக்கும் வெயில் போதாதென்று வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் கண்ணைக் கூசச் செய்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் வெந்நீராகிவிடும். அதையும் பல பெண்கள் மனதாரக் குடிப்பதில்லை, ஏனென்றால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கழிப்பறை இல்லை. தாகத்தை அடக்கி அடக்கிச் சிறுநீர்க் கடுப்பையும் தொற்றையும் வாங்கிக்கொள்வது அங்கே அன்றாட வழக்கமாகிவிட்டது.

இதை நலிந்தோரின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களைச் சேர்ந்த 352 தொழிலாளர்களை 2017 முதல் 2020 வரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்வதைக் கண்டார்கள்; சுமார் 7 விழுக்காட்டினரின் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் சிறுநீரகம் பழுதாகி ஒருவர் இறந்தால், அது வெப்ப அலைச் சாவாக எந்தப் பதிவேட்டிலும் ஏறாது, 4 லட்சமும் வராது.

அடுத்த சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, கடலோரத்தில் அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரியை எட்டுவதோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் வெப்ப அலை. காற்றின் ஈரப்பதம் அந்தக் கணக்கில் இல்லை. கடற்காற்று வெப்பமானியை ஓரளவு தணித்துவிடும். ஆனால் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் உடலுக்குள்ளேயே சூடு தங்கிவிடும் என்பது கடலோரத்தில் வாழ்ந்த எவருக்கும் தெரியும். அறிவிக்கப்பட்ட வெப்ப அலை ஒன்றுகூட இல்லாமலே உப்பளத்தில் ஒரு கோடை முழுவதும் ஆபத்தாகக் கழிந்துவிடலாம்.

ஆகவே ஆணையத்திடம் நான் முதலில் கேட்பது, ஈரப்பதத்தையும் வெயிலின் கதிர்வீச்சையும் சேர்த்து அளக்கும் கருவிகளை உப்பளப் பகுதிகளிலேயே நிறுவி, கடலோர உழைப்பாளர்களுக்கெனத் தனி வரம்பை வகுக்க வேண்டும் என்பதுதான். அந்த வரம்பு மீறப்படும் நாளில் வேலை நேரத்தைக் குறைக்கவும், இழந்த கூலியை ஈடுகட்டவும் ஏற்பாடு வேண்டும். கூலியை ஈடுகட்டாமல் ‘வெளியே வராதீர்கள்’ என்று எச்சரிப்பது, நாள்கூலிக்காரரின் காதில் ‘இன்று பட்டினி கிடங்கள்’ என்றே விழும்.

இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் வேலை இழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தை 2022 முதல் இந்த அரசே வழங்கிவருகிறது. வானிலையால் போன கூலிக்கு அரசு பொறுப்பேற்கலாம் என்ற கொள்கை அப்போதே ஏற்கப்பட்டுவிட்டது. மழைக்கு ஒப்புக்கொண்டதை வெயிலுக்கும் நீட்டிப்பதில் என்ன தடை? குஜராத்தில் தொடங்கிய சேவா பெண்கள் சங்கத்தின் காப்பீட்டுத் திட்டத்தில், 2024 கோடையில் வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், ஏறத்தாழ 50,000 பெண்களுக்கு மனு ஏதும் கேட்காமல் தலா 400 ரூபாய் அளவில் பணம் சென்றது. தொகை சிறிதுதான், முறை நல்லது. ஆனால் அதற்கான தவணையைத் தொழிலாளியின் தலையில் ஏற்றக்கூடாது. புவி சூடேறியதில் அவர் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

வெயிலோடு கதை முடியவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியபோது உப்பளங்கள் மூழ்கின, அம்பாரமாய்க் குவித்திருந்த உப்பும் கரைந்தது. கரைந்த உப்புக்கு உரிமையாளர் இழப்பீடு கேட்கலாம். பாத்தியைச் சீர்செய்து பருவம் தொடங்கும்வரை வேலையின்றி இருந்தவரின் நாள்களுக்கு யாரிடம் கணக்கு இருக்கிறது? ஒப்பந்தக் கூலிகளாக அளம் விட்டு அளம் மாறுவோரின் பெயர், நலவாரியப் பதிவில் இல்லாவிட்டால் எந்த நிவாரணப் பட்டியலிலும் வராது. எனவே பதிவு முகாம்களை வட்டாட்சியர் அலுவலகத்தில் நடத்தாமல், வேலை முடியும் நேரத்தில் உப்பளக் கரையிலேயே நடத்துமாறு மாவட்ட நிர்வாகத்துக்கு ஆணையம் அறிவுறுத்த வேண்டும். குடும்பத்தலைவர் பெயரில் மட்டும் பதியாமல், வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணையும் அவரவர் பெயரிலேயே பதிய வேண்டும்.

பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து பாதுகாக்கப்படுவது, அரசமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகளின்படி குடிமக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2024இல் கூறியது. கானமயில் என்ற பறவையைக் காக்கத் தொடுத்த வழக்கில் மனிதருக்குக் கிடைத்த உரிமை அது! நிழற்கூடம், குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை ஆகியவற்றை உப்பளக் குத்தகைக்கும் உரிமத்துக்கும் கட்டாய நிபந்தனையாக்குமாறு அரசுக்கு ஆணையம் பரிந்துரைப்பதற்கு அந்தத் தீர்ப்பே போதிய அடிப்படை.

பொங்கலுக்குப் பின் பாத்தி மிதிக்கும் வேலை தொடங்கிவிடும், பங்குனி சித்திரையில் வெயில் உச்சத்துக்குப் போகும். அடுத்த கோடைக்கான வெப்பச் செயல்திட்டத்தை இறுதி செய்வதற்கு முன், உப்பளத் தொழிலாளர்களின், குறிப்பாகப் பெண்களின், பிரதிநிதிகளைத் தூத்துக்குடியிலேயே சந்தித்துக் கருத்துக் கேட்குமாறு ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தைப் பிற்பகலில் வையுங்கள். காலையில் வைத்தால் அவர்கள் ஒருநாள் கூலியை இழந்துதான் வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தூத்துக்குடிக் குடிமகன் ஒருவன்