சனிக்கிழமை பதிவறைப் பணி: கவனிக்க வேண்டியவை

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பதிவறையைப் பிரித்து அடுக்கப் போகிறோம். அதற்குள் பிரிவு உதவியாளர்கள் தங்கள் தன்பதிவேட்டை (தம்மிடம் வரும் கோப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) பார்த்துவிடுங்கள். முடித்த கோப்புகள் பீரோ மேலே கிடந்தால் உடனே பதிவறைக்கு அனுப்புங்கள்.

முடித்த கோப்பை எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்பதற்கு அதன் மேல் போடும் குறிகள்: ஓ.மு. ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் நில எடுப்புக் கோப்பில் மூ.மு. என்று போட்டிருப்பதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. இருபது வருடம் கழித்து ஒரு குடும்பம் இழப்பீடு கேட்டு வந்து நின்றால், அவர்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தக் காகிதம். வகைப்பாட்டில் சந்தேகம் என்றால் தனியாக எடுத்து வையுங்கள், சேர்ந்து பார்த்து முடிவு செய்வோம்.

காலம் முடிந்த கோப்பாக இருந்தாலும் வழக்கோ, தணிக்கைத் தடையோ (தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபணை), தகவல் உரிமை மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால் அழிக்கவே கூடாது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கோப்புகளை அட்டவணைப்படுத்தி வைப்பதை நம் கடமையாகவே சொல்கிறது. அழிப்புப் பட்டியலில் அலுவலர் ஒப்பமிட்ட பிறகுதான் எதுவும் வெளியே போக வேண்டும்.

அப்புறம், குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், துரு தாளை அரித்துவிடும். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சுதந்திரத்துக்கு முந்தைய ஆவணம் ஏதாவது கண்ணில் பட்டால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டுக்கொண்டு செய்வோம்.

தூசி அதிகம், முகக்கவசம் கொண்டு வாருங்கள். வர முடியாதவர்கள் வெள்ளிக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.